இடது அடுக்கு எலிகள்

எலியின் பின்னங்காலில் எந்த இடத்தில் தொட வேண்டும் என்று அக்காவைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே காட்டுவாள். தம்பிக்கு அவள் அக்கா, தம்பி மனைவிக்கு அண்ணி, வேலை செய்யும் இடத்தில் மேடம். நாமும் அக்கா என்றே சொல்லிக்கொள்வோம். அவளுக்கு வந்த தொல்லையெல்லாம் அந்த உறவிலிருந்துதான் வந்தது.

அவளுடைய வேலை வலியை அளப்பது. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். மனிதனிடம் எங்கே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், நாம் எழுந்து போகும்வரை சொல்லிக்கொண்டே இருப்பான். எலி வாயைத் திறக்காது. அதனால் கம்பிவலை போட்ட ஒரு மேடை, மேடைமேல் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கு ஓர் எலி. அக்கா மேடைக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, கழுத்தை அண்ணாந்து, வலைக்கண் வழியாக ஒரு நைலான் முடியை மேலே நீட்டுவாள். முடியின் நுனி எலியின் உள்ளங்காலைத் தொடும். முடி லேசாக வளையும்வரை அழுத்த வேண்டும், அதற்கு மேல் கூடாது. மெல்லிசு, நடுத்தரம், தடிமன் என்று அவளிடம் ஒரு பெட்டி நிறைய முடி இருக்கிறது. நல்ல எலி மெல்லிசு முடியைச் சட்டை பண்ணாது. நரம்பு கெட்ட எலி, மெல்லிசு முடி பட்டாலே காலை உதறி, உதறிய காலை நக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு தடித்த முடியைத் தாங்குகிறதோ அவ்வளவு வலி குறைந்திருக்கிறது என்று கணக்கு.

நரம்பைக் கெடுப்பதும் அவள்தான். மயக்க மருந்து கொடுத்து, தொடையைத் திறந்து, வெள்ளை நூல்போல ஓடும் பெரிய நரம்பைச் சுற்றித் தளர்வாக முடிச்சுப் போட வேண்டும். இறுக்கிவிட்டால் கால் செத்துவிடும், ரொம்பத் தளர்ந்தால் ஒன்றுமே ஆகாது. அந்தப் பதம் அவள் கைக்கு வந்துவிட்டது. பாவமாக இல்லையா என்று யாராவது கேட்டால், "பாவம்தான், வேற வழி இருந்தா சொல்லுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். அவளுக்கு மட்டும் அந்தக் கேள்வி அன்று முழுக்கப் போகாது.

அவளுடைய ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துக்கொண்டிருந்த வலி மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். அறையில் இரண்டு அடுக்குகள், இடது சுவரோரம் ஒன்று, வலது சுவரோரம் ஒன்று. ஓர் அடுக்குக்கு மருந்துத் தண்ணீர், மற்றதற்கு வெறும் தண்ணீர். எது எதற்கு என்று அக்காவுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கை தானாகவே மருந்துப் பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. எலிகளுக்குத் தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, கூண்டு கழுவுகிற கூண்டம்மாவுக்கும் ஆய்வுக்கூடத் தலைவருக்கும்தான் அந்த ரகசியம் தெரியும். பாட்டில் மாறிப்போனால் எல்லாம் பாழ் என்று, மருந்துக் கூண்டுகளை ஒரே அடுக்கில் வைக்கச் சொன்னவள் கூண்டம்மா. நல்ல யோசனைதான்.

வாரம் ஒருநாள் சோதனை. முதலில் இடது அடுக்கு, பிறகு ஒரு டீ, பிறகு வலது அடுக்கு. இந்த வரிசையை ஒவ்வொரு தடவையும் கலைத்துப்போட வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும். படித்திருக்கிறாள், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள். ஆனால் கூண்டுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கி வைத்தால் எலிகள் மிரளுகின்றன. ஏற்கெனவே காலில் முடிச்சோடு இருக்கிற ஜீவன்கள், அதற்கு மேல் எதற்கு அலைக்கழிப்பது என்று விட்டுவிட்டாள். இரக்கப்பட்டுச் செய்த காரியம்.

மருந்து ஆரம்பித்த சில வாரங்களில் இடது அடுக்கு எலிகள் தடித்த முடியையும் தாங்கின. வலது அடுக்கு அப்படியே உதறிக்கொண்டிருந்தது. அக்காவிடம் ரகசியத்தை அவிழ்த்தார்கள். இடதுதான் மருந்து அடுக்கு. அவ்வளவுதான், தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு எலி வாடையே ஆகாது, அந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கணினியில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதோடு சரி. அதனால் அவருக்குப் பின்னால் எல்லோரும் அவரை கிராஃப் என்பார்கள். அன்று கிராஃப் கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் தன் கையால் வெட்டிக் கொடுத்தார். ஒரு மருந்துக் கம்பெனி பேச வருவதாகவும், எல்லாம் ஒழுங்காக நடந்தால் அடுத்த வருடமே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அக்காவுக்குச் சந்தோஷத்தில் வாயில் வைத்த கேக் இறங்கவில்லை. கைப்பையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொல்லிவிட்டாள். அங்கேதான் பிசகினாள்.

தம்பி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். அவன் விசில் ஊதினால் மைதானத்தின் மறுகோடியில் கதை பேசும் பையன்கள்கூட நேராக நிற்பார்கள். மழை நாளில் பைக் சறுக்கி, தோள்பட்டை தரையில் மோதி, தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட்டதில், வலது கைக்குப் போகிற நரம்புகள் தண்டுவடத்திலிருந்து வேரோடு பிய்ந்துவிட்டன. கை அப்படியே தொங்கிப்போனது. ஊசியால் குத்தினாலும் அந்தக் கைக்குத் தெரியாது. ஆனால் எரியும். கொதிக்கிற எண்ணெய்க்குள் முக்கி வைத்தது மாதிரி எப்போதும் ஓர் எரிச்சல், நடுநடுவே யாரோ சுத்தியலால் விரல் விரலாக நசுக்குகிற மாதிரி ஓர் அடி. தொட்டால் தெரியாத கை எப்படி எரியும் என்று பார்க்க வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள். அவனும் சளைக்காமல், "அதான் எனக்கும் புரியல, கையைக் கேட்டுச் சொல்றேன்" என்பான்.

மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுத்தன, வலியை எடுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி நரம்பு டாக்டர் ஓர் ஆபரேஷன் சொன்னார். பின்கழுத்தைத் திறந்து, வேர் பிய்ந்த இடத்தில் தண்டுவடத்திலேயே புள்ளி புள்ளியாகச் சூடு வைப்பது. பல பேருக்கு வலி போயிருக்கிறது. ஆனால் அதே பக்கத்துக் காலின் பலம் குறைந்துபோகவும் வாய்ப்பு உண்டு என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். தம்பி யோசித்தான், மனைவியோடு பேசினான், சரி என்றான். தேதியும் கொடுத்தாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அக்கா கேக் வாசனையோடு வந்து நின்றாள்.

"அவசரப்படாதடா. தண்டுவடத்துல சூடு வச்சுட்டா அப்புறம் திருப்பி எடுக்க முடியாது. எங்க மருந்து வேலை செய்யுது. என் கையால பாத்தேன்."

"எப்ப வரும்?"

"அடுத்த வருஷம் மனுஷங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. முதல் ஆள் நீதான், நான் பாத்துக்கறேன். இப்ப வலி எவ்வளவு? பத்துக்குச் சொல்லு."

"நாலு."

"பாரு, நாலுதான். நாலுக்குப் போய் யாராவது கழுத்தைத் திறப்பாங்களா? காலும் போச்சுன்னா என்ன பண்ணுவ?"

தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் உள்ளே போய்விட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வரிசை நீளம், மறுபடி வேண்டுமென்றால் கடைசியிலிருந்துதான் நிற்க வேண்டும் என்றார்கள். பரவாயில்லை என்றான்.

அக்கா குடியிருப்பது அதே வீட்டின் மாடியில். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கீழே எட்டிப் பார்ப்பாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எத்தனை?" என்பாள். "நாலு" என்பான். சில நாள், "நாலு. போனாப் போகுது, மூணரைன்னு வச்சுக்கோ" என்று சிரிப்பான். அவளும் நிம்மதியாக மாடியேறுவாள். வலியை அளக்கிறவள் அல்லவா, வீட்டிலும் ஒரு எண் கிடைத்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

கம்பெனிக்காரர்கள் புத்திசாலிகள். இன்னொரு தடவை, புது எலிகளை வைத்து, முதலிலிருந்து செய்து காட்டுங்கள் என்றார்கள். கிராஃப் தாராளமாக என்றார். அக்கா மறுபடியும் உட்கார்ந்து எலிக்கு எலி முடிச்சுப் போட்டாள். இரண்டு அடுக்குகளும் பழையபடி நிரம்பின. கூண்டம்மா பாட்டில்களை மாட்டினாள். இந்தத் தடவை மருந்து எந்தப் பக்கம் என்று அக்காவுக்குத் தெரியாது.

தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. முதல் வாரம் இரண்டு அடுக்கும் ஒரே மாதிரி உதறின. மறுவாரமும் அதே கதை. மருந்து கெட்டுப்போனதா, பாட்டில் மாறியதா என்று கிராஃப் குதித்தார். "என் பாட்டிலைப் பத்தி மட்டும் பேசாதீங்க சார், எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று கூண்டம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ராத்திரி படுத்தால் அக்காவுக்கு எலிக் கால்கள் கண்ணுக்குள் உதறின. தம்பியிடம் மூச்சு விடவில்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்று இரண்டு தடவை பொய் சொன்னாள்.

போதாக்குறைக்கு அந்த அறையில் ஏசி வேறு உயிரை விட்டிருந்தது. போன தடவை மருந்து ஆரம்பித்த அதே வாரத்தில்தான் புதுசாக மாட்டினார்கள். காற்று நேராகப் பிடரியில் வந்து அறையும், அக்காவுக்குப் பல் கிட்டிக்கும். இப்போது வேர்த்துக் கொட்டியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, கடைசியில் மூன்றாம் வாரச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த மனிதர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் வாங்க என்றால் அடுத்த மாதம்தான் வருவார். சரி, சத்தம் போடாமல் பாருங்கள் என்று உள்ளே விட்டாள்.

அப்போது மேடையில் இருந்ததில் காது கிழிந்த எலி ஒன்று, இருப்பதிலேயே துடுக்கு. முடி பக்கத்தில் வந்தாலே குதிக்கும். அக்கா மெல்லிசு முடியால் தொட்டாள். அசையவில்லை. சரியாகப் படவில்லையோ என்று இன்னொரு தடவை தொட்டாள். நடுத்தரத்தை எடுத்தாள், அதற்கும் ஒன்றுமில்லை. தடித்ததை எடுத்து வளைய அழுத்தினாள். எலி கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் பெட்டியிலும் அப்படியே, அதற்கு அடுத்ததிலும் அப்படியே. முடிதான் உடைந்துவிட்டதோ என்று தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"என்ன மேடம், எலிக்கு ஊசியா?" என்றார் ஏணிமேல் இருந்தவர்.

"கால் வலி இருக்கான்னு பாக்கறோம். இவ்வளவு நேரம் குதிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. நீங்க வந்ததும் கப்சிப்."

"பாத்தீங்களா, ஏசியும் ரிப்பேர் பண்றேன், எலியும் ரிப்பேர் பண்றேன். பில்லுல ரெண்டையும் சேத்துப் போட்டுடறேன்."

அவர் சிரித்துக்கொண்டே வேலையை முடித்து ஏணியை மடக்கிக்கொண்டு போனார். அக்கா சிரிக்கவில்லை. வலைக்குக் கீழே வைத்த தட்டில் எலிகள் புழுக்கை போட்டிருந்தன, வழக்கத்தைவிட நிறைய. மிரண்ட எலிதான் அப்படிப் போடும். அவள் அந்த எலிகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு வந்து மறுபடி தொட்டாள். காது கிழிந்தது கூரைக்குக் குதித்தது.

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அறைக்குள் ஆண்கள் யாரும் வருவதில்லை. கூண்டம்மா பெண், மிருக டாக்டர் பெண், இவள் பெண். கிராஃபுக்கு வாடை ஆகாது. இப்போது ஓர் ஆண் வந்தான், அவன் வாசனை வந்தது, எலிகளுக்கு அது ஆபத்தின் வாசனை. ஆபத்து வந்தால் உடம்பு முதலில் செய்கிற காரியம் வலியை அணைப்பது. ஓட வேண்டிய நேரத்தில் நொண்டிக்கொண்டிருக்க முடியுமா? பாடமாகப் படித்ததுதான். நம் அறைக்குள்தான் ஆணே கிடையாதே என்று அதை மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

சரி, போன தடவை எந்த ஆண் வந்தான்? இடது அடுக்குக்கு மட்டும், டீக்கு முன்னால் மட்டும், வாரா வாரம் எவன் வந்தான்?

யோசித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

தம்பிக்குப் படுத்தால் வலி கூடும். அதனால் நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூங்குவான். அவனுடைய நீல நிற ஜாக்கெட், மைதானத்துக்குப் போட்டுப் போன அதே ஜாக்கெட், தோளில் போர்த்தியிருக்கும். புது ஏசியின் குளிருக்குப் பயந்து, சோதனை நாள் காலையில் அக்கா அதை நாற்காலியிலிருந்து உருவிக்கொண்டு போவாள். "துவைச்சுட்டுப் போடுக்கா, நாறுது" என்பான். "எலிக்கு என்ன தெரியப்போகுது" என்பாள். சோதனை அறைக்குள் வெளித்துணி கூடாது என்று விதி இருக்கிறது. வெள்ளைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? டீக்கு வெளியே போய் வெயிலில் நின்றால் உடம்பு சூடாகிவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, வலது அடுக்குக்கு வெறும் கோட்டோடு வருவாள். இந்தத் தடவை ஏசி ஓடவில்லை, ஜாக்கெட்டும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை அந்த ஜாக்கெட்டைக் கொண்டுபோனாள். போட்டுக்கொள்ளவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் தொங்கவிட்டாள், அவ்வளவுதான். இரண்டு அடுக்கிலிருந்தும் எலிகளைக் கலந்து எடுத்து மேடையில் வைத்தாள். இந்தத் தடவை வரிசையைக் கலைத்துப்போட அவள் மறக்கவில்லை. எந்த எலியும் உதறவில்லை. ஜாக்கெட்டைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெளியே வைத்து, நேரம் விட்டுப் பார்த்தாள். எல்லாம் உதறின. மறுபடி தொங்கவிட்டாள், மறுபடி எடுத்தாள். இதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவள் தம்பிக்குத் தருவதாகச் சொன்ன மருந்து, தம்பியின் வேர்வைதான்.

அவளுக்கு முதலில் வந்தது அவமானம். அதைத் தாண்டியதும் எலிகள் நினைவுக்கு வந்தன, போன தடவை இருந்த இடது அடுக்கு எலிகள். வாரா வாரம் அவள் கீழே உட்கார்ந்து, அட தாங்குகிறதே, தாங்குகிறதே என்று பூரித்துப்போனாளே, அப்போது அவை குணமாகி உட்கார்ந்திருக்கவில்லை. தொடைக்குள் முடிச்சு முடிச்சாகவே இருக்க, பயத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தன. அதை அவள் ஆறுதல் என்று நினைத்திருந்தாள். கூண்டம்மா தண்ணீர் மாற்ற வந்தபோது மேடம் முக்காலியில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தாள்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றாள் கூண்டம்மா.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. நான்தான் சொல்லணும்."

கிராஃபிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு வேர்த்தார், பிறகு கதவைச் சாத்திவிட்டு, "இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார். அது போதாதா?"

அவர் கெட்டவர் இல்லை. கம்பெனிக்குத் தானே எழுதிவிடுவதாகச் சொன்னார். "விடும்மா. அடுத்த மருந்து இருக்கு, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று ஆறுதலும் சொன்னார். அவருக்கு அது ஒரு கோடு. ஏறியது, இறங்கியது, முடிந்துபோயிற்று. அக்காவுக்கு அந்தக் கோடு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். எத்தனை என்று கேட்கவில்லை. தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"என்னக்கா, எண்ணிக்கை மறந்துபோச்சா? நாலு."

"மருந்து இல்லடா."

"இன்னும் தள்ளிப்போகுமா?"

"தள்ளிப்போகல. மருந்தே இல்ல. அது எப்பவுமே வேலை செய்யல." பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். வரிசையைக் கலைக்காமல் விட்டதையும், விதியை மீறி ஜாக்கெட்டைப் போட்டுப் போனதையும், மெக்கானிக் வந்ததையும். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

தம்பி முழுவதையும் கேட்டு முடித்தான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான்.

"என் ஜாக்கெட்டா? ஒரு பள்ளிக்கூடமே என்னைப் பாத்து நடுங்குச்சு, எலி நடுங்காதா?"

"சிரிக்காதடா. உன் ஆபரேஷனை நான்தானே நிறுத்தினேன்."

"சரி விடு." சிரிப்பு அடங்கிவிட்டது. இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "அப்ப அதுங்களுக்கு வலி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"காட்டிக்கல."

"ஆமா. பயத்துல அடங்கிப்போயிருந்துச்சுங்க."

அவன் தலையாட்டினான். ஏதோ நெடுநாளாக யோசித்துவைத்த ஒன்றுக்குத் தலையாட்டுவதுபோல இருந்தது.

"நாலு இல்லக்கா."

"என்ன?"

"ஒரு நாளும் நாலா இருந்ததில்ல."

எவ்வளவு என்று கேட்க அக்காவுக்கு வாய் வந்தது, கேட்கத் தைரியம் வரவில்லை.

"அடிபட்ட முதல் வாரம் ஒன்பதுன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? நீ சாப்பிடாம கொள்ளாம மாடியில படுத்துக்கிட்ட. பரீட்சை ரிசல்ட் பாக்க வர்ற பிள்ளை மாதிரி தினமும் வந்து நிப்ப. உன் முகத்தைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கும்கா. நீ உடைஞ்சுட்டா அப்புறம் எனக்கு யாரு இருக்கா? அதான் நாலு. நாலுன்னா நீ சிரிச்ச."

"என்கிட்டயாடா மறைச்ச? நான் அதுக்குன்னே படிச்சவடா. உன் நாலை நம்பித்தானே வேணாம்னு சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வேணாம்னு போன் போட்ட?"

"மருந்து வருதுன்னு நீ சொன்னியே. நான் உன்னை நம்பினேன்."

அளக்கிறவளும் அளக்கப்படுகிறவனும் ஒருவரை ஒருவர் நம்பி, இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த ஆபரேஷன் தேதியைத் தொலைத்திருந்தார்கள். நாளைக்கே டாக்டரிடம் போகலாம், கெஞ்சிக் கேட்கலாம் என்றாள். வரிசையில் கடைசியில் நிற்கணும், நின்றால் போச்சு என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் மாறியது. உதட்டுக்கு மேல் வேர்வை அரும்பியது. இடது கை வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"அக்கா, நீ மாடிக்குப் போ."

"நான் இருக்கேன்டா."

"நீ இருந்தா என்னால முடியாதுக்கா." பல்லைக் கடித்தபடி சொன்னான். "பழகிப்போச்சு. நீ பக்கத்துல இருந்தா சத்தமே வர மாட்டேங்குது. உள்ளுக்குள்ளயே நின்னு கொல்லுது. போ, கதவைச் சாத்திட்டுப் போ."

அவள் வெளியே வந்தாள். தம்பி மனைவி கதவைச் சாத்தினாள், கூடத்துக்கு வந்து டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தாள். யோசித்து எடுத்ததாகத் தெரியவில்லை. அடுப்பை அணைக்கிற மாதிரி, விளக்கைப் போடுகிற மாதிரி எடுத்தாள்.

"இப்ப எதுக்கும்மா டிவி?" என்றாள் அக்கா, சத்தம் வராமல்.

"மாடிக்குக் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் அண்ணி." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க கேட்டா, என்ன இந்தப் பொண்ணு எப்பப் பாத்தாலும் சத்தமா டிவி பாக்குதுன்னு நினைச்சுக்கட்டும்னு சொன்னார்."

அக்கா அவள் கையிலிருந்து ரிமோட்டை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தாள். பிறகு மாடிப்படியில் ஏறினாள். தொம் தொம்மென்று, உள்ளே இருப்பவனுக்கு நன்றாகக் கேட்கும்படி காலை ஊன்றி ஏறினாள். மேலே போய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்து, படாரென்று சாத்தினாள். உள்ளே போகவில்லை. சத்தமில்லாமல் பாதிப் படிவரை இறங்கி வந்து சுவரோரம் நின்றாள். அறையில் யாரும் இல்லை என்று நம்பினால்தான் எலியும் உள்ளதைக் காட்டும்.

வீடு அமைதியாக இருந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. விசில் ஊதி மைதானத்தை நிறுத்திய அதே தொண்டைதான், ஆனால் அதற்குள்ளிருந்து யாரோ இழுத்து இழுத்து எதையோ பிய்த்தெடுப்பது மாதிரி வந்தது. நின்றது, மூச்சு வாங்கியது, மறுபடி வந்தது. அம்மா என்றான். அம்மா இறந்து எத்தனையோ வருடமாயிற்று. அப்புறம் அக்கா என்றான், மறுபடி அக்கா என்றான்.

அவள் கால் தானாக ஒரு படி இறங்கியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து நின்றாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள். தன் தொண்டையிலிருந்தும் ஏதோ கிளம்பி வருவது தெரிந்ததும், அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.